முந்நூற்று முப்பதில் நின்ற ஊசி

அத்தியாயம் 9

இறால் பண்ணையின் கேட்டில் 'நாய்கள் ஜாக்கிரதை' என்று பெரிதாக எழுதியிருந்தது. ஜெரோம் உள்ளே எட்டிப் பார்த்தான். நாய் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. நாயின் வேலையையும் சேர்த்துப் பார்க்க நான்கு ஆட்கள் நின்றார்கள். ஒருவன் கையில் மூங்கில் கம்பு. மற்ற மூவரும் வெறுங்கை. அவர்களுக்கு முகமே போதும்.

"வண்டிய அங்கிட்டே நிறுத்து," என்றான் கம்புக்காரன்.

"நிறுத்தத்தான் வேணும். இதுக்கு மேல போனா கடல்ல படகு மாதிரி ஓட்டணும்," என்றபடி ஜெரோம் ஆம்னி வேனின் இன்ஜினை அணைத்தான்.

யாரும் சிரிக்கவில்லை. சிரிப்பை அவர்கள் வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார்கள்.

பின் சீட்டிலிருந்து பிரகதீஸ்வரி இறங்கினாள். நாற்பத்தொரு வயது. எரிந்த குடோன்களையும் கவிழ்ந்த லாரிகளையும் பார்வையிட்டு இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்கு ரிப்போர்ட் எழுதிக்கொண்டிருந்தவள், இப்போது புதுக்கோட்டை கீழ ராஜ வீதியில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே துப்பறியும் ஆபீஸ் வைத்திருக்கிறாள். அவளுக்கு டிரைவர், உதவியாளர், இருவருக்கும் சேர்த்துப் பேசுகிற வாய் எல்லாமே ஆவூர்க்காரன் ஜெரோம்தான்.

அவளுக்குப் பின்னால், கேஸ் கொண்டுவந்த ஷமீமா கால் எடுத்து வைத்ததும் கம்பு குறுக்கே வந்தது.

"அந்தப் பொம்பள உள்ள வரக்கூடாது. மண்டையப் பொளந்தவன் பொண்டாட்டி."

"என் புருஷன் அப்புடிச் செய்யலண்ணே."

"போலீசுகிட்டப் போயிச் சொல்லு."

ஷமீமா வேனின் நிழலில் நின்றுகொண்டாள். ஒரு வாரமாக இதே பேச்சைத்தான் எல்லா வாயிலிருந்தும் கேட்கிறாள். தெருக்குழாயில் அவள் குடத்தைக்கூட நகர்த்தி வைத்துவிட்டார்கள். ஜெரோமுக்கு அந்தக் கம்பைப் பிடுங்கி அவன் முதுகிலேயே போட வேண்டும் போலிருந்தது. நான்கு பேர் என்பதால் அந்த ஆசையை அடக்கிக்கொண்டான்.

நடந்தது இதுதான். கட்டுமாவடிக்கும் மீமிசலுக்கும் நடுவே இருக்கிற இந்தக் கடலோரக் குடியிருப்பில் ஐஸ் உடைக்கும் ஷெட் வைத்திருப்பவர் காஜா மைதீன். போன வெள்ளிக்கிழமை மதியம் ஊரே ஜும்ஆ தொழுகைக்குப் போயிருந்தது. காலில் மாவுக்கட்டு போட்டிருந்த அவர் மட்டும் ஷெட்டில் உட்கார்ந்து, ஷார்ஜாவில் இருக்கும் மகளோடு போனில் பேசிக்கொண்டிருந்தார். சரியாக ஒன்று ஆறுக்கு 'ஏய்' என்று ஒரு கத்தல், ஒரு சத்தம், அப்புறம் லைன் கட். தொழுகை முடிந்து வந்தவர்கள் அவரைப் பின்மண்டை உடைந்த நிலையில் பார்த்தார்கள். இன்றுவரை தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடக்கிறார்.

போலீஸ் பிடித்தது ஷமீமாவின் புருஷன் ரியாசுதீனை. காஜா மைதீனிடம் மெஷின் ஓட்டுகிறவன். முந்தைய நாள் இருவருக்கும் வாய்த்தகராறு. அன்று பள்ளிவாசலிலும் அவனை யாரும் பார்க்கவில்லை. மெஷினுக்கு பெல்ட் வாங்க அறந்தாங்கி போனேன், கடை பூட்டியிருந்தது, திரும்பி வந்தேன் என்கிறான். பூட்டின கடை சாட்சி சொல்லுமா? நேற்று மாலை கைது. இன்று மூன்று மணிக்கு அறந்தாங்கி கோர்ட். அதற்குமேல் ஜெயில், எப்போது வெளியே வருவான் என்பது வக்கீலுக்கே தெரியாது.

இப்போது மணி பன்னிரண்டு ஐம்பது.

பண்ணைக்குள் நான்கு குளங்கள். நீரைக் கடைந்து இறாலுக்குக் காற்றுச் சேர்க்கிற ஏரேட்டர் சக்கரங்கள் எல்லாக் குளத்திலும் சுற்றி, வரப்பு ஓரம் வரை வெள்ளை நுரை ஒதுங்கியிருந்தது.

"வெள்ளிக்கிழமைன்னு இறாலுக்கெல்லாம் எண்ணெய் தேச்சுக் குளிப்பாட்டுறாங்க போல," என்றான் ஜெரோம்.

பிரகதீஸ்வரி குளங்களைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். "நல்லாப் பேசுற, ஜெரோம். சில சமயம் ஒனக்கே தெரியாம," என்றாள்.

பண்ணை ஆபீஸ் வாசலில் நாற்காலி போட்டு இன்ஸ்பெக்டர் ஷர்லி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் பண்ணை முதலாளி சூர்யபிரகாஷ். வெள்ளைச் சட்டை, விரலில் நவரத்தின மோதிரம்.

"வாங்க கணக்கு டீச்சர்," என்றாள் ஷர்லி கிண்டலாக. "ஒண்ணரைக்கு நான் ஜீப்ல இருப்பேன். அதுக்குள்ள சொல்ல வேண்டியதச் சொல்லுங்க. மேலதிகாரி ஒரு வார்த்த சொன்னாருங்கிறதுக்காகத்தான் வந்தேன். ஒங்க மேல மரியாதை வச்சு வரல."

"தெரியும் மேடம். அந்த மரியாதைய நாங்களும் கேக்கல," என்றான் ஜெரோம்.

"நீ யாரு?"

"மரியாதை கேக்காதவன்."

"ஜெரோம்," என்றாள் பிரகதீஸ்வரி. அவன் வாயை மூடினான். மனம் மட்டும் மூடவில்லை. அவனுக்கு அவள்மேலும் கோபம். நேற்று மாலையே சூர்யபிரகாஷுக்குப் போன் போட்டு, 'நாளைக்கு வெள்ளிக்கிழமை, ஒரு மணிக்கு ஒங்க போர்டுல வோல்ட் மீட்டரைப் பாக்கணும்' என்று அவளே சொல்லிவிட்டாள். திருடனுக்குப் பத்திரிகை அடித்து அழைப்பு வைக்கிற துப்பறிவாளரை அவன் இப்போதுதான் பார்க்கிறான். ஏன் என்று கேட்டதற்கு, 'அவருக்கு யோசிக்க ஒரு ராத்திரி வேணாமா' என்றாள். அது ஒரு பதிலா?

அவள் ஒரு செய்தித்தாளை மேசையில் விரித்து, ஓரத்து வெள்ளையில் ஒரு நீளக் கோடு போட்டாள்.

"இன்ஸ்பெக்டர் மேடம், இது கரன்ட் லைன். இந்த மொனையில, மெயின் ரோட்டுல டிரான்ஸ்பார்மர். பதினாறாவது போஸ்ட்ல காஜா மைதீன் ஐஸ் மெஷினும் பக்கத்து மர அறுவ மில்லும். இருபத்தி நாலாவது போஸ்ட், கடைசி, இந்தப் பண்ணை. மூணுக்கும் ஒரே கம்பி."

"அந்த ஒரே கம்பிதான்மா என் தலையெழுத்து," என்றார் சூர்யபிரகாஷ். "பதினாலு மாசம். அவன் மெஷினப் போட்டா என் மோட்டார் மொனகும். எத்தன மோட்டார் கருகிப் போச்சு தெரியுமா? தனி டிரான்ஸ்பார்மர் சாங்ஷன் ஆச்சு. அதுக்கு அவன் சவுக்குத் தோப்பு வழியா நாலு போஸ்ட் நடணும். முடியாதுன்னுட்டான். நான் அவன அடிக்கல. அடிச்சவனுக்குக் கை குடுப்பேன். போதுமா?"

பகையை ஒளிக்கிற ஆள் இல்லை அவர். அந்தத் தைரியத்துக்குக் காரணம் ஒரு போட்டோ. போர்டில் இருக்கும் வோல்ட் மீட்டரை அவ்வப்போது படம் எடுத்து, மின்வாரிய உதவிப் பொறியாளரான ஏ.இ.யின் வாட்ஸ்அப்புக்கு வசவோடு அனுப்புவது அவர் வழக்கம். போன வெள்ளிக்கிழமையும் அனுப்பியிருந்தார். மோதிரம் போட்ட விரல் ஊசியைச் சுட்டுகிறது. ஊசி முந்நூற்று முப்பதில் நிற்கிறது. கீழே, 'இதுல எப்படிய்யா மோட்டார் ஓடும்?' அனுப்பிய நேரம் ஒன்று ஐந்து. அடி விழுந்தது ஒன்று ஆறு. இங்கிருந்து ஐஸ் ஷெட் எட்டு போஸ்ட் தூரம், நானூறு மீட்டர். ஒரு நிமிடத்தில் அங்கே போய் அடிக்க அவருக்கு இறக்கை வேண்டும். ஷர்லி அந்தப் போட்டோவைப் பார்த்ததும் அவரை விட்டுவிட்டாள்.

"இந்தப் போட்டோ அன்னைக்கு எடுத்ததில்லைங்கிறது என் கட்சி," என்றாள் பிரகதீஸ்வரி. "கம்பி நீளம் கூடக் கூட வோல்ட் கொறையும். அதுல ஓடுற கரன்ட் கூடினாலும் கொறையும். டிரான்ஸ்பார்மர்ல நானூத்தி இருபத்தஞ்சு வோல்ட் கெளம்புதுன்னு ஏ.இ. எழுதியே குடுத்துட்டாரு. இந்தக் கம்பிக்கு, இந்தப் பண்ணை வரைக்கும் ஒரு ஆம்பியர் வந்தா கிட்டத்தட்ட ரெண்டு வோல்ட் வழியிலயே போயிரும். பகல்ல இங்க ஆறு ஏரேட்டர் ஓடும். ஆளுக்கு மூணு ஆம்பியர். பதினெட்டு. அதுக்கு எவ்வளவு கழியும்?"

"முப்பத்தஞ்சு முப்பத்தாறு," என்றான் ஜெரோம். காலையிலிருந்து நான்கு தடவை கேட்ட கணக்கு.

"மீதி முந்நூத்தித் தொண்ணூறு. ஐஸ் மெஷினும் மில்லும் ஓடினா நாப்பத்தஞ்சு ஆம்பியர். அது பதினாறு போஸ்ட் தாண்டுறதுக்குள்ள இன்னொரு அம்பத்தெட்டு வோல்ட்டத் தின்னும். அப்பதான் இங்க முந்நூத்தி முப்பது. மெஷின் நின்னா முந்நூத்தித் தொண்ணூறு. எட வழி கெடையாது."

"அதுனால?"

"ஜும்மா நேரத்துல ரெண்டும் நிக்கும். பன்னெண்டரைக்கு நிறுத்தினா ரெண்டு மணிக்குத்தான் திரும்பப் போடுவாங்க. அன்னைக்கு ஒண்ணு அஞ்சுக்கு இங்க முந்நூத்தி முப்பது வர வாய்ப்பே இல்ல."

ஷர்லி முதல்முறையாக நாற்காலியில் நிமிர்ந்தாள். தூரத்தில் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் இமாமின் பிரசங்கம் கேட்டது. ஐஸ் மெஷினின் கடகடப்பு இல்லை. மில்லின் கீச்சல் இல்லை.

"பேச்செல்லாம் எதுக்கு?" சூர்யபிரகாஷ் எழுந்தார். "இன்னைக்கும் வெள்ளிக்கிழமைதான். மெஷினும் நிக்கிது, மில்லும் நிக்கிது. உள்ள வந்து மீட்டரைப் பாருங்க. இந்தம்மா கணக்கு என்ன லட்சணம்னு தெரியும்."

அவர் குரலில் இருந்த உற்சாகம் ஜெரோமுக்குப் பிடிக்கவில்லை.

போர்டு ரூம் ஒரு சின்ன அறை. உப்புக் காற்றில் துருப்பிடித்த இரும்புப் பெட்டி, வரிசையாக ஸ்விட்சுகள், மேலே இரண்டு வட்ட மீட்டர்கள். ஒன்றின்மேல் ஈரத் துண்டு காயப்போட்டிருந்தது. மற்றது வோல்ட் மீட்டர். மூலையில் பண்ணையின் டெக்னீஷியன் பெண் இசைவாணி, கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

எல்லோரும் ஊசியைப் பார்த்தார்கள்.

முந்நூற்று முப்பது.

ஊசி அசையவில்லை. அதற்குக் கொஞ்சமும் வெட்கமில்லை. கேட்டுக்கு வெளியே நிற்கிறவளிடம் எந்த முகத்தோடு போய் நிற்பது?

சூர்யபிரகாஷ் சிரித்தார். வாய்விட்டு, சுவரில் கையைத் தட்டிச் சிரித்தார். "மெஷின் ஓடல, மில்லு ஓடல. எங்கம்மா ஒன் முந்நூத்தித் தொண்ணூறு? இங்க வோல்ட்டேஜ் எப்பவுமே இதுதான். இதச் சொல்லித்தான் பதினாலு மாசமாக் கத்துறேன். காகிதத்துல கோடு கிழிச்சுட்டா பெரிய ஆளா? என்னைய அடிச்சவன்னு சொன்னதுக்கு ஒம்மேல கேஸ் போடுவேன். ஒன் ஆபீசப் பூட்ட வைக்கிறேனா இல்லையா பாரு!"

"முடிஞ்சுதா?" ஷர்லி தொப்பியை எடுத்தாள். "டிஜிபி கிட்ட வேணாலும் போங்க. மூணு மணிக்கு ரியாசுதீன் கோர்ட்ல நிப்பான். இனிமே என் ஸ்டேஷன் வாசல்ல ஒங்க ரெண்டு பேரையும் பாத்தேன்..."

"மேடம்," என்றாள் பிரகதீஸ்வரி. குரலில் ஒரு சுருக்கம்கூட இல்லை. "அந்தத் துண்ட எடுத்துட்டுப் போங்க."

"என்ன?"

"அந்த மீட்டர் மேல கெடக்குற துண்டு. நான் எடுத்தா கேஸ் போடுவாரு. நீங்க எடுங்க."

சூர்யபிரகாஷின் சிரிப்பு நின்றது. ஒரே எட்டில் போர்டுக்கு முன்னால் வந்து நின்றார். "அது என் துண்டு. என் எடத்துல என் துண்ட எங்க வேணா போடுவேன். வெளிய போங்க எல்லாரும்!"

ஷர்லிக்குப் பிரகதீஸ்வரியைப் பிடிக்காது. ஆனால் தனக்கு முன்னால் ஒருவன் கையை விரித்து வழி மறிப்பது அவளுக்கு அதைவிடப் பிடிக்காது.

"தள்ளு," என்றாள்.

அவர் தள்ளவில்லை. அவள் தோளால் இடித்துக்கொண்டு போய்த் துண்டை உருவினாள். அடியில் ஆம்பியர் மீட்டர். ஊசி நாற்பத்தெட்டில் நின்றது.

"பண்ணையில மொத்தம் பதினாறு ஏரேட்டர்," என்றாள் பிரகதீஸ்வரி. "ராத்திரியிலதான் பதினாறும் ஓடும், தண்ணியில காத்து கொறையும்கிறதால. பட்டப்பகல்ல ஆறு போதும். இன்னைக்கு எல்லாக் கொளமும் நொரை தள்ளுது. பதினாறு மூணு நாப்பத்தெட்டு. ஆம்பியருக்கு ரெண்டு வோல்ட்னு கழிச்சுப் பாருங்க. நானூத்தி இருபத்தஞ்சுலேர்ந்து அதே முந்நூத்தி முப்பதுக்குத்தான் வந்து நிக்கும். ஐஸ் மெஷின் செய்யிற வேலைய இன்னைக்கு இவரே செஞ்சிருக்காரு."

ஷர்லி தன் போனில் அந்தப் போட்டோவைத் திறந்தாள். மோதிர விரல் சுட்டும் ஊசிக்குப் பக்கத்தில், துண்டு போடாத ஆம்பியர் மீட்டர். பதினெட்டு. இத்தனை நாள் எல்லோரும் விரல் காட்டிய இடத்தையே பார்த்திருந்தார்கள்.

"அப்ப இந்தப் போட்டோ..."

"பதினெட்டு ஆம்பியர், முந்நூத்தி முப்பது வோல்ட். ஐஸ் மெஷின் ஓடின ஏதோ ஒரு நாள் எடுத்தது. வெள்ளிக்கிழமை ஒண்ணு அஞ்சுக்கு இவரு ஐஸ் ஷெட்டுப் பக்கத்துல நின்னு அனுப்பிருக்காரு."

"மேகம் போட்டுச்சு, காத்து கொறைஞ்சு இறால் மூச்சு வாங்குச்சு, எல்லாத்தையும் போட்டேன்! அதுல என்ன தப்பு?" சூர்யபிரகாஷ் கத்தினார். "இசை, சொல்லு!"

எல்லோரும் மூலையைப் பார்த்தார்கள். இசைவாணி முதலாளியைப் பார்த்தாள். அப்புறம் வெயில் காய்ந்துகொண்டிருந்த வாசலைப் பார்த்தாள். வானத்தில் பேருக்குக்கூட மேகம் இல்லை.

"நேத்து சாயங்காலம் சார் கேட்டாங்க," என்றாள். "வெள்ளிக்கெழம மத்தியானம் வோல்ட் எவ்வளவு வரும்னு. முந்நூத்தித் தொண்ணூறு வரும் சார், அன்னைக்குத்தான் மோட்டார் நல்லா ஓடும்னு சொன்னேன். சாருக்கு அது தெரியாது. வெள்ளிக்கெழம ஐஸ் கெடைக்காது, ஐஸ் இல்லாம இறால் புடிக்க முடியாது. அதுனால அன்னைக்கு சார் பண்ணைக்கே வரமாட்டாங்க."

"ஏய்!"

"பேச விடுய்யா," என்றாள் ஷர்லி.

"இன்னைக்குப் பன்னெண்டரைக்கு என்னைய இங்க நிக்க வச்சு, ஊசி முந்நூத்தி முப்பதுக்கு எறங்குற வரைக்கும் ஒவ்வொரு ஏரேட்டரா போடச் சொன்னாங்க. எதுக்குன்னு கேட்டேன். வேலை வேணுமா வேணாமான்னாங்க."

நேற்றுக் கேட்ட கேள்விக்கு ஜெரோமுக்கு இப்போது பதில் கிடைத்தது. ஒரு ராத்திரி கொடுத்தாள். குற்றமில்லாதவன் அதைத் தூங்கியே கழித்திருப்பான். இவர் உட்கார்ந்து ஊசியை இறக்க வழி தேடியிருக்கிறார்.

சூர்யபிரகாஷ் ஸ்விட்ச் பெட்டியில் சாய்ந்தார். முகம் வியர்த்துப் பளபளத்தது. பயத்தைவிட ஆத்திரம்தான் அதில் அதிகம்.

"கேக்கத்தான் போனேன்," என்றார். "போன மாசம் ரெண்டு கொளத்து இறாலும் செத்து மெதந்துச்சு. நாலே நாலு போஸ்ட். ஒரு கையெழுத்து. தனியா இருப்பான், நாயமாக் கேப்போம்னு போனேன். மாவுக்கட்டுக் கால நீட்டிக்கிட்டு, ஒன் இறால் செத்தா எனக்கென்னான்னு..."

"நாயமாக் கேக்கப் போறவன் ஒரு நிமிஷம் முன்னாடியே சாட்சிய அனுப்பிட்டுப் போவானா?" என்றாள் ஷர்லி. "போனக் குடு."

அவர் கொடுத்தார். பிறகு பிரகதீஸ்வரியைப் பார்த்துப் பல்லைக் கடித்தார். "ஒனக்கென்னம்மா தெரியும். என் மோட்டாருக்குச் சேர வேண்டிய கரன்ட்டத் தின்னான். பதினாலு மாசம் வோல்ட் கேட்டேன். ஒரு நாளாவது குடுத்தானா?"

பிரகதீஸ்வரி செய்தித்தாளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க அவர அடிக்கப் போன நேரத்துல அவரு மெஷின் நின்னு அரை மணி நேரம் ஆயிருச்சு," என்றாள். "நீங்க கேட்ட வோல்ட் அப்ப முழுசா இங்க வந்து நின்னுச்சு. பாக்கத்தான் நீங்க இல்ல."

இசைவாணி யாரும் சொல்லாமலே போர்டுக்கு வந்து, பத்து ஸ்விட்சுகளை ஒவ்வொன்றாக அணைத்தாள். ஒவ்வொரு தட்டலுக்கும் ஊசி கொஞ்சம் கொஞ்சமாக ஏறி, முந்நூற்றுத் தொண்ணூறில் போய் நின்றது. சூர்யபிரகாஷ் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு, தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

ஷர்லி போனைக் காதில் வைத்தாள். "ரியாசுதீன வண்டியில ஏத்திட்டியா? எறக்கு. கோர்ட்டுக்கு வேற ஆள் வாரான்." பேசி முடித்துப் பிரகதீஸ்வரியிடம் திரும்பினாள். நன்றி சொல்லப்போகிறாள் என்று ஜெரோம் தப்புக்கணக்குப் போட்டான்.

"அந்தக் காகிதத்தக் குடுங்க," என்றாள். "அதையும் ஃபைல்ல சேக்கணும். கையெழுத்து புரியிற மாதிரி எழுதக் கூடாதா?"

ஜெரோம் வெளியே ஓடினான். கேட்டில் நின்ற நால்வரும் உள்ளிருந்து வந்த சத்தத்தைக் கேட்டிருக்க வேண்டும். கம்பு இப்போது சுவரில் சாய்ந்திருந்தது. வேனின் நிழல் சுருங்கிப்போய், ஷமீமா வெயிலில் நின்றிருந்தாள்.

"விட்டாங்க, தங்கச்சி. ரியாசு இல்லைன்னு ஆயிருச்சு. முதலாளிதான்."

அவள் அழவில்லை. சிரிக்கவும் இல்லை. அந்த நால்வர் பக்கம் திரும்பக்கூட இல்லை. முந்தானையால் கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டு, தானே வேனின் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தாள்.

"நேத்துச் சாயங்காலத்துலேர்ந்து பட்டினியாக் கெடப்பாரு," என்றாள். "வண்டிய எடுங்கண்ணே."